கிளாஸ்கோவில் தம்பிக்கு இருந்த வாக்கு

என் தம்பியின் வாக்கை ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, ஒஸ்லோவில் பனி கரைந்து தெருவெல்லாம் சரளைக்கல் கிடந்த காலம். பஸ் கராஜில் மதிய இடைவேளை. நான் ரொட்டித் துண்டில் பழுப்புச் சீஸை வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் தன் ரொட்டியைத் தொடவில்லை.

"உன் தம்பி இன்னும் கிளாஸ்கோவில்தானே இருக்கிறான்?"

"ஆமாம்."

"அவனுக்கு வாக்கு இருக்கிறது. எனக்கு இல்லை."

அவரைக் கராஜில் எல்லோரும் ‘ஸ்கொட்டன்’ என்றே கூப்பிடுவார்கள். நோர்வேஜிய மொழியில் ஸ்கொட்லாந்துக்காரர் என்று பொருள். வெல்டிங் வேலை. இளவயதில் வடகடல் எண்ணெய் மேடைகளில் உழைத்து, ஒரு நோர்வேப் பெண்ணை மணந்து ஒஸ்லோவுக்கு வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, என்னைப் போலவே நோர்வேஜிய மொழியை உடைத்து உடைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதுதான் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் இருத்தியது.

இருபது வருடம் அந்த மேசையில் அவர் தன் நாட்டைப் பற்றிக் கதைத்தார், நான் என் நாட்டைப் பற்றிக் கதைத்தேன். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் தனி ஸ்கொட்லாந்து கேட்பவர்களைப் பார்த்து ஊரே சிரிக்குமாம். ஒரு மண்டபம், பதினைந்து கதிரை, ஒரு தேநீர்க் கேத்தில், கட்டம்போட்ட பாவாடை உடுத்த நாலு கிழவர்கள். அவ்வளவுதான் கூட்டம். பிறகு கடலில் எண்ணெய் கண்டார்கள். எண்ணெய் எங்களுடையது என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். இவரும் அந்த அலையில்தான் போனார். எழுபதுகளின் கடைசியில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. தனிநாட்டுக்கு அல்ல, ஸ்கொட்லாந்துக்கென்று ஒரு சபை வேண்டுமா என்று. ஓம், வேண்டும் என்றவர்கள்தான் அதிகம். ஆனால் மொத்த வாக்காளரில் இத்தனை பங்கு ஓம் என்றால்தான் செல்லும் என்று முன்பே ஒரு விதி போட்டிருந்தார்கள். அந்தப் பங்கு வராததால் சபையும் வரவில்லை. அதன்பிறகு கப்பல் கட்டும் தளங்களும் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவருடைய தகப்பனுக்கு வேலை போனது. அந்தக் கோபத்தோடுதான் அவர் கடல் தாண்டினார். ஆங்கிலேயன் எதிரி, மண் எங்களுடையது, இரத்தம் எங்களுடையது. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்கொட்லாந்துக்கு ஒரு பாராளுமன்றம் கிடைத்தபோதுகூட, "பசித்தவனுக்கு ரொட்டித் தூள்" என்றுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

கடல் தாண்டி வந்தவர்களிடம் நாடு, அவர்கள் புறப்பட்ட நாளில் இருந்தபடியே நின்றுவிடும். இது எனக்கும் தெரியும். அவர் இல்லாத அந்த வருடங்களில் அங்கே பேச்சு மாறியிருந்தது. இரத்தத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. இங்கே வாழ்பவர் எவரோ அவரே இந்த நாட்டவர் என்று ஆகியிருந்தது. இப்போது உண்மையாகவே தனிநாட்டு வாக்கெடுப்பு வந்தபோது, விதியும் அப்படியே வந்தது. ஸ்கொட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு வாக்கு உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. அங்கேயே பிறந்து வெளிநாட்டில் வாழ்பவனுக்கு இல்லை.

என் தம்பி லண்டனில் போய் இறங்கித் தஞ்சம் கேட்டவன். அரசாங்கம்தான் அவனைக் கிளாஸ்கோவுக்கு அனுப்பி, ஒரு மாடிக் கட்டடத்தின் பதினாலாம் மாடியில் இருத்தியது. மனைவியோடும் மூன்று வயது மகளோடும் போனான். இப்போது அவன் அங்கே ஒரு சின்னக் கடை வைத்திருந்தான்; அந்தப் பிள்ளைக்குப் பதினாறு முடிந்திருந்தது. அந்த வீட்டில் வாக்கு மூன்று.

"நாற்பது வருடம் இதற்காகக் காத்திருந்தேன்," என்றார் ஸ்கொட்டன். "என்னைக் கேட்க மாட்டார்களாம். உன் தம்பியைக் கேட்பார்களாம். நீ அவனோடு கதை. ஓம் என்று போடச் சொல்."

கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நானும் தம்பியும் வாக்கு என்ற சொல்லில் ஒருமுறை முறிந்தவர்கள். எங்கள் நாட்டில் போர் முடிந்த வருடம், ஒஸ்லோவில் இருந்த தமிழர் நாங்களும் ஒரு வாக்கெடுப்பு வைத்தோம். தனிநாடு வேண்டுமா என்று நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டது. எந்த அரசாங்கத்தையும் அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அதைத் தொலைபேசியில் தம்பிக்குச் சொன்னேன். அவன், "வேண்டாம் எண்டு போட்டிட்டு ஒருத்தன் அதை வெளியில சொல்ல ஏலுமோ அண்ணை?" என்று கேட்டான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். இரண்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

அவன் ஏன் கேட்டான் என்று எனக்குத் தெரியும். ஊரில் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனைத் துரோகி என்று சொல்லி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கட்டியவர்கள் வேறு யாருமல்ல, தனிநாடு கேட்டுப் போராடிய எங்கள் ஆட்கள். தம்பி அதைப் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்த்தவன். நான் அப்போது ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன். எனக்கு நாடு என்பது சுவரில் மாட்டிய வரைபடம். அவனுக்கு அந்தக் கம்பம்.

அந்த ஆடி மாதம் தம்பி குடும்பத்தோடு விடுமுறைக்கு எங்களிடம் வந்தான். ஸ்கொட்டனைச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"வம்பைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வாறியள்," என்றாள்.

"சும்மா கதைக்கத்தானே வாறார்."

"அந்தாள் சும்மா கதைக்க வாற ஆளில்லை. உங்கடை தம்பியும் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிற ஆளில்லை."

நான் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் ஆட்டிறைச்சியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்கொட்டன் தே-பானே என்ற நிலக்கீழ் ரயிலில் மோர்டென்ஸ்ருட் நிலையம் வரை வந்து, அங்கிருந்து மேடேறி நடந்து, சட்டை நனைய எங்கள் வாசலில் நின்றார். கதவைத் திறந்தவள் என் பெறாமகள், தம்பியின் பிள்ளை. அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அது அவருடைய தெருவின் ஆங்கிலம். சொற்களை விழுங்கி, கடைசியில் ராகம் ஏற்றிப் பேசும் கிளாஸ்கோப் பேச்சு. ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் வாயிலிருந்து அது வருவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பிறந்த வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம்தான் நடந்தது. சோறு பரிமாறி முடியுமுன்னே அவர் தம்பியிடம் கேட்டுவிட்டார்.

"நீங்கள் எப்படிப் போடப்போகிறீர்கள்?"

தம்பி இறைச்சியைப் பிரித்துக்கொண்டே, "வேண்டாம் என்று," என்றான்.

மனைவியின் கையில் இருந்த அகப்பை அசையாமல் நின்றது.

"ஏன்?"

"எனக்கு அந்தக் கடவுச்சீட்டு கிடைக்கப் பத்து வருடம் எடுத்தது. இன்னொரு தடவை வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அதைவிட, ஆட்கள் கொடியோடு தெருவில் வந்தால் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். என்ன கொடி என்றாலும்."

"இது அந்த மாதிரிக் கொடி இல்லை."

"எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்."

ஸ்கொட்டனின் கழுத்து சிவந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "என் தாய், தகப்பன், அவர்களுடைய தாய் தகப்பன் எல்லோரும் அந்த மண்ணில் கிடக்கிறார்கள். நீங்கள் வந்து எத்தனை வருடம்? அந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு என்ன உரிமை?"

அவர் கேட்டது நியாயமா அநியாயமா என்பதைவிட, அந்தக் கேள்வி என் காதில் விழுவது அது முதல் தடவையல்ல என்பதுதான் என்னை உலுக்கியது. இதே கேள்வியைக் கேட்டுத்தான் எங்களைத் தீவை விட்டுத் துரத்தினார்கள். இதே மண் கணக்கைச் சொல்லித்தான் நாங்களும் எங்களோடு வாழ்ந்த வேறு மதத்து ஆட்களைத் துரத்தினோம்.

தம்பி கையைக் கழுவ எழுந்தான். சோறு பாதி அப்படியே இருந்தது. அப்போதுதான் பெறாமகள் வாய் திறந்தாள்.

"நான் ஓம் என்றுதான் போடப்போகிறேன்," என்றாள் ஸ்கொட்டனிடம். "ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. எங்கள் பாடசாலையில் மண், இரத்தம் என்று ஒருவரும் கதைப்பதில்லை. அப்படிக் கதைத்தால் சிரிப்பார்கள். எங்கள் மருத்துவமனை, எங்கள் படிப்பு, எங்கள் நகரம், அதை நாங்களே முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான். நீங்கள் சொல்கிறதுதான் ஓம் என்றால், எனக்கு அதில் இடமே இல்லை."

பிறகு தகப்பன் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். "அப்பா, எங்களைப் பிடிச்சு ஊருக்கு அனுப்ப இமிகிரேஷன்காரர் வானோடை வந்தவங்கள் எல்லே. கீழ்வீட்டு மனிசிதான் லிப்ட் வாசலில மறிச்சுக்கொண்டு நிண்டவா. அந்தச் சனத்தை நம்பித்தான் நான் போடுறன்."

"அந்த மனிசியும் வேண்டாம் எண்டுதான் போடுறா," என்றான் தம்பி, முதுகைக் காட்டியபடியே. "பென்ஷன் போயிடுமெண்டு பயத்தில."

ஸ்கொட்டனுக்குத் தமிழ் விளங்கவில்லை. அவர் எழுந்தார். என் மனைவிக்கு நன்றி சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் வாசல் வரை போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு கராஜில் அவர் எங்கள் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைத் தன் வேலையிடத்திலேயே, வெல்டிங் முகமூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வீட்டிலும் நிலைமை நன்றாயில்லை. தம்பியும் மகளும் விடுமுறை முடியும்வரை ஒருவரோடொருவர் அளந்து அளந்துதான் கதைத்தார்கள். விமான நிலையத்தில் தம்பி என்னிடம், "நீ அந்தாளுக்காகத்தான் எங்களைக் கூப்பிட்டனியோ?" என்று கேட்டான். இல்லையென்று சொன்னேன். அது முழு உண்மையில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

புரட்டாதியில் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு ஸ்கொட்டன் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளாஸ்கோவுக்குப் பறந்துவிட்டார். வாக்கில்லாமல் என்ன செய்யப்போகிறார் என்று கராஜில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாக்களிப்பு நாள் மாலை தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, உன்ரை ஆளைக் கண்டனான். நாங்கள் போடப்போன பள்ளிக்கூட வாசலில கொடியோடை நிக்கிறார். அந்த நீல ஸ்கொட்லாந்துக் கொடிதான், பெட்சீற்றைவிடப் பெரிசு. பக்கத்தில இன்னும் அஞ்சாறு பேர். திரும்பிப் போவம் எண்டு என்ரை மனிசியின்ரை கையைப் பிடிச்சிட்டன்."

"பிறகு?"

"அவர் என்னைக் கண்டிட்டார். கொடியைச் சுத்திக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு, மற்றவையைத் தள்ளி நிக்கச் சொன்னார். கேற்றைத் திறந்து பிடிச்சார். ‘எனக்கு உள்ளுக்குப் போக ஏலாது, நீங்கள் போங்கோ’ எண்டார். அவ்வளவுதான்."

"நீ என்னெண்டு போட்டாய்?"

"சொன்னதைத்தான் போட்டனான். மகள் தான் சொன்னதைப் போட்டாள். எங்கடை வீட்டில ஒண்டை ஒண்டு வெட்டிப்போட்டுது."

அவனுடைய மனைவி எப்படிப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் காலை முடிவு வந்தது. வேண்டாம் என்ற பக்கம் வென்றிருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். கிளாஸ்கோவின் நடுச் சதுக்கத்தைக் காட்டினார்கள். ஒரு பக்கம் தோற்ற பிள்ளைகள் கொடியைப் போர்த்துக்கொண்டு அழுதுகொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார்கள். மற்றப் பக்கம் பிரித்தானியக் கொடியோடு ஒரு கூட்டம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. குதிரைப் பொலிஸ். ஒரு பெண்பிள்ளையின் கையிலிருந்து கொடியைப் பறித்தார்கள். முகம் தெரியவில்லை. கறுத்த தலைமயிர் மட்டும் தெரிந்தது.

உடனே தம்பிக்கு எடுத்தேன். அவன் குரல் கிறீச்சிட்டது. "இவள் அங்கதான் போனவள் அண்ணை. சிநேகிதியளோடை. போன் எடுக்கிறாளில்லை. நான் கடையைப் பூட்டிக்கொண்டு போறன்."

"நீ தனியப் போகாதை."

"பின்னை ஆரோடை போறது?"

வைத்துவிட்டான். நான் ஸ்கொட்டனின் இலக்கத்தை அழுத்தினேன். இரண்டு மாதமாகக் கதைக்காத மனிதர். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் கூச்சல் கேட்டது. அவரும் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"என் பெறாமகள் அங்கே இருக்கிறாள்," என்றேன். நோர்வேஜிய மொழி வாயில் வழுக்கியது. "தம்பி தேடிப் போகிறான். அவனை இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று..."

"என்ன நிறச் சட்டை?" என்று மட்டும் கேட்டார்.

அது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நான் வரவேற்பறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். கூட்டினாள். பின்பு அணைத்துவிட்டாள். வெளியே அயல்வீட்டுப் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கம்பம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. நான் நேரில் பார்த்திராத கம்பம்.

தொலைபேசி அடித்தபோது மனைவிதான் முதலில் பாய்ந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"உன் பெறாமகள் என்னோடு நிற்கிறாள்," என்றார் ஸ்கொட்டன். மூச்சு வாங்கியது. "ஒரு கடையின் கதவுக்குள் ஐந்து பேர் ஒதுங்கி நின்றார்கள். நடந்தே உன் தம்பியின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் தம்பியும் வந்துவிட்டான்."

பெறாமகள் தொலைபேசியை வாங்கினாள். "பெரியப்பா, எனக்கு ஒண்டுமில்லை. கொடிதான் போயிட்டுது. இவருக்குத்தான் உதடு வெடிச்சிருக்கு. அப்பா ஐஸ் வைக்கிறார்."

பதினாலாம் மாடியில் அவர் அன்று சாப்பிட்டார் என்று பிறகு தம்பி சொன்னான். முதல்நாள் மீன்குழம்பும் பாணும். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லையாம். போகும்போது தம்பியிடம் ஒன்றுதான் சொன்னாராம்: "அன்றைக்கு நான் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கு அந்தக் கூட்டமும் உங்கள் மகளிடம் கேட்டது."

அந்தக் கிழமை நானும் தம்பிக்கு ஒரு பதில் சொன்னேன். ஐந்து வருடமாகச் சொல்லாத பதில். ஒஸ்லோ மண்டபத்தில் வேண்டாம் என்று ஒருவன் போட்டிருந்தால், அதை வெளியில் சொல்லியிருக்க முடியாது என்று சொன்னேன். அவன், "சரி அண்ணை" என்றான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போக வாக்களித்தது. ஸ்கொட்லாந்து ஒன்றியத்துக்குள் இருக்கத்தான் வேண்டும் என்றது. ஆனாலும் அதையும் இழுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்த காலை தம்பி எடுத்து, "நான் பயத்தில போட்டது பிழைச்சுப்போச்சு போல," என்றான். அதன்பிறகு அவன் ஓம் பக்கம். ஊர்வலங்களுக்குப் போவதில்லை, கடைக்கு வருபவர்களிடம் சொல்லுவான். தனிநாடு என்பது அப்போது ஐரோப்பாவுக்குள் திரும்பிப் போகும் வழி என்று ஆகியிருந்தது. இன்னொரு வாக்கெடுப்புக் கேட்டார்கள். லண்டன் சம்மதிக்காமல் முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. தனிநாடு கேட்ட ஆளும் கட்சிக்குள் சண்டை, பிளவு. பெறாமகள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். "இப்பவும் ஓம் தான் பெரியப்பா," என்பாள், "ஆனா அடுத்து என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு வாடகை கட்டவே நேரம் சரி."

ஸ்கொட்டன் ஓய்வு பெற்றதும் மனைவியோடு கிளாஸ்கோவுக்கே போய்விட்டார். இனி வாக்கெடுப்பு வந்தால் அவருக்கும் வாக்குண்டு. ஆனால் வருமா என்று தெரியவில்லை. தம்பியின் கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து நின்று கதைப்பாராம்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை தம்பி எடுத்தான். அவர்கள் பக்கத்தில் ஒரு விடுதியில் தஞ்சம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைத்திருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றச் சொல்லி அன்று வாசலில் ஒரு கூட்டம் கத்தியதாம். கூட்டத்தில் பாதிப்பேர் கையில் அந்த நீலக் கொடி.

"அதே கொடியோ?" என்று கேட்டேன்.

"அதேதான். உன்ரை ஸ்கொட்டன் கிழவன் ‘இது அவர்களுடைய கொடி இல்லை’ எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் விடுதிச் சனத்துக்காக ரோட்டுக்கு மற்றப் பக்கம் நிண்டனாங்கள். எங்கடை பக்கம் ஒரு அம்பது பேர் வரும். அவங்களுக்கு முன்னால நாங்கள் கொஞ்சப் பேர்தான்."

"நீ போய் நிண்டனியோ?" ஊர்வலம் என்றாலே மற்றத் தெருவால் போகிறவன் அவன்.

"ஓம். பயமாத்தான் இருந்தது. முட்டை எறிஞ்சாங்கள். பொலிஸ் நடுவில நிண்டது. பிறகு மழை வந்துட்டுது."

"காயம் ஒண்டும் இல்லையே?"

"இல்லை. கிழவன் முட்டை பட்ட கோட்டைத் துடைச்சுக்கொண்டு கடையில நிக்கிறார். தேத்தண்ணி போட்டுக் குடுக்கவேணும், வைக்கிறன்," என்றான்.